மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் திருத்தி அனுப்பிய என் நாவல் பிரதியை முழுக்கப் படித்து முடித்தேன். ஓரக்குறிப்புகள், தனியாக எழுதியிருந்த நீளமான கடிதம், ராத்திரி வேளைகளில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள், எல்லாவற்றையும். பதிலை உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்கள் சிலர், எடிட்டர் என்பவர் அப்படி என்னதான் செய்வார் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒற்றுப்பிழை பார்ப்பவர் என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். நீங்கள் கேட்டுக்கொண்டபடி உங்கள் பெயரைப் போடவில்லை.

மூன்றாம் அத்தியாயத்திலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அதைப் படித்தபோதுதான் கோபம் வந்தது. அத்தியாயம் முழுக்கக் கோடு போட்டு, ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தீர்கள்: "இது உங்கள் படிப்பு. இவளுடைய நினைவு இல்லை." இவள் என்றால் கஸ்தூரி, நாவலில் வரும் சுரங்கத் தொழிலாளியின் மனைவி.

கர்நாடகத்தில் இருக்கிற எங்கள் ஊர், கோலார் தங்கவயலின் வரலாறு அது. 1880ல் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வந்தது, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து தட்டி வீடுகளில் குடியேறியது, 1902ல் காவிரிக் கரையில் இருக்கும் சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது, சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது, 1956ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1972ல் மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் ஆனது. தேடித் தேடிச் சேர்த்த விஷயங்கள். எங்கள் ஊரைப் பற்றித் தமிழ் வாசகருக்கு இவ்வளவாவது தெரிய வேண்டாமா என்ற ஆதங்கத்தில் எழுதியது. இப்போதெல்லாம் கே.ஜி.எஃப் என்றால் சினிமாதான் ஞாபகம் வருகிறது எல்லாருக்கும்.

கொஞ்ச நாள் அந்தக் குறிப்பைத் திறக்காமல் வைத்திருந்தேன். அப்புறம் அத்தியாயத்தைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் அத்தியாயத்திலிருந்து நேராக நான்காம் அத்தியாயத்தைப் படித்துப் பார்த்தேன். கதை நிற்கவே இல்லை. மூன்றாம் அத்தியாயம் இருந்த இடமே தெரியவில்லை. நீங்கள் சொன்னது சரி என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அதை நான் அப்படியே தூக்கிப் போடவும் இல்லை. அதில் இருந்ததில் எது கஸ்தூரிக்குத் தெரிந்திருக்கும், எந்த வழியில் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிவனசமுத்திர மின்சாரம் அவளுக்குத் தெரியும். ஏனென்றால் அவள் புருஷன் குடித்துவிட்டு வந்தால் அதைத்தான் சொல்வான்: "பெங்களூருக்கு முன்னாடியே எங்க ஊருக்குக் கரண்டு வந்துச்சுடி." அது உண்மையும்கூட. பெங்களூரில் விளக்கு எரிந்தது 1905ல்தான். அதற்கு அவள் சிம்னி விளக்கின் திரியை ஏற்றிக்கொண்டே சொல்வாள்: "மெஷினுக்கு வந்துச்சு. அடுப்படிக்கு வந்துச்சா?" பழைய பிரதியில் ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொண்ட தகவல் இப்போது இரண்டு பேர் பேச்சில் போய்விட்டது. அதோடு அந்தக் கல்யாணம் எப்படிப்பட்டது என்பதும் வந்துவிட்டது. ஜான் டெய்லரின் பெயர் நாவலில் இப்போது ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அதுவும் கிழவர் ஒருவர் வைகிற வசவில்.

அடுத்து, உங்கள் பெரிய கேள்வி: "யாருடைய கதை?" நான் எழுத உட்கார்ந்தபோது அது அப்பாவின் கதை, அதாவது கஸ்தூரி புருஷனின் கதை. சுரங்கத்துக்குள் இறங்குகிறவன்தானே கதாநாயகன், அப்படித்தான் நினைத்தேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவன் சாகிறான். அதற்குப் பிறகு நாவல் தொய்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. அதைச் சரிசெய்யத்தான் பின்பகுதியில் யூனியன் சண்டை, கோர்ட்டு கேஸ், செட்டில்மெண்ட் பணம் என்று சம்பவங்களாக அடுக்கிக்கொண்டே போனேன். நீங்கள் அந்தச் சம்பவங்களைத் தொடவே இல்லை. முன்பகுதியில், அவள் கண்ணில் படாத காட்சிகளையெல்லாம் மஞ்சளில் அடையாளம் போட்டுக் கொடுத்திருந்தீர்கள். பார்த்தால் முதல் பாதியில் பெரும்பகுதி மஞ்சள். அவள் இருபது வருஷம் அதே லைன் வீட்டில் வாழ்ந்திருக்கிறாள், நான் அவளைச் சோறு போடத்தான் கூப்பிட்டிருக்கிறேன்.

இப்போது நாவல் 2001 பிப்ரவரி 28ல் தொடங்குகிறது, சுரங்கத்தை மூடிய நாளில். அவள் ஏற்கெனவே விதவை. ஊரே அழுகிற நாளில் அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் கதை பின்னால் போகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவன் சாவதை இப்போது நாம் கீழே போய்ப் பார்ப்பதில்லை. மேலே, வீட்டிலிருந்து பார்க்கிறோம்.

இந்த இடத்தில்தான் உங்களோடு முதல் வாக்குவாதம். "ஏர் பிளாஸ்ட்" என்று வருகிற இடத்தில் "வாசகருக்குப் புரியாது, விளக்கம் அல்லது அடிக்குறிப்பு" என்று எழுதியிருந்தீர்கள். கேஜ் (ஆள் இறங்கும் கூண்டு), சாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி), லெவல் (கீழே இருக்கும் தளம்) எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு அருஞ்சொல் பட்டியல் போடலாம் என்றும் சொன்னீர்கள். பட்டியல் வேண்டாம், அக்கா. எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் அடிக்குறிப்போடு பேசியதில்லை. ஆனால் புரியாது என்று நீங்கள் தடுமாறினீர்களே, அது நிஜம். அதை நான் ஒதுக்க முடியாது. அதனால் காட்சியை மாற்றினேன். முதலில் அலமாரியில் பாத்திரம் கிலுகிலுக்கிறது. தண்ணீர்க் குடத்தில் அலை அடிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி கையில் மாவோடு வெளியே வருகிறாள். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால் மேலே இருக்கிற வீடும் ஆடும், எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும் அது. யார் எந்த ஷிஃப்டு என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டே பெண்கள் சாஃப்டு பக்கம் ஓடுகிறார்கள். ஓட்டத்தில்தான் ஒரு கிழவி வாயிலிருந்து அந்த வார்த்தை வருகிறது. அப்போது அதற்கு விளக்கம் தேவைப்படாது. படித்துப் பாருங்கள். இன்னமும் தடுக்கினால் சொல்லுங்கள், மறுபடி எழுதுகிறேன். அடிக்குறிப்பு மட்டும் போட மாட்டேன்.

வயசுக் கணக்கு, காலக் குழப்பம், மேற்கோள் குறி, ஒரே பத்தியில் மூன்று தடவை வந்த "மெல்ல", இதையெல்லாம் நீங்கள் சொன்னபடியே எடுத்துக்கொண்டேன். இதில் பேச எதுவும் இல்லை.

இனி, நான் ஒத்துக்கொள்ளவே போகாத ஒன்று. தாத்தா பகுதி.

"அழகாக இருக்கிறது, ஆனால் கதையை நகர்த்தவில்லை, எடுத்துவிடலாம்" என்று எழுதியிருந்தீர்கள். கதையை நகர்த்தவில்லை என்பது உண்மைதான். அவர் ராத்திரி ஷிஃப்டு முடித்து வந்து, வாசல் திண்ணையில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டிப் பழைய "தமிழன்" பத்திரிகை படிக்கிறார். அவ்வளவுதான் நடக்கிறது அதில். ஆனால் யோசித்துப் பாருங்கள். சாதியை எதிர்த்து எழுதிய அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய அந்தப் பத்திரிகையை, அவர் காலமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு, 1926ல் அவர் வழி வந்த அப்பாதுரையார் மறுபடி கொண்டுவந்தது எங்கள் தங்கவயலிலிருந்துதான். எங்கள் ஊர் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது. ஐயர் இல்லாமல் கல்யாணம் நடந்தது. 1930ல், கைரேகை வைத்தால்தான் வேலை என்று கம்பெனி சொன்னபோது, குற்றவாளிகளா நாங்கள் என்று கேட்டு சுரங்கத்தையே நிறுத்திய ஜனங்கள். இவர்களை எழுதுகிறபோது இருமலையும் சாராயத்தையும் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேட்டையும் மட்டும் எழுதிவிட்டு வர என்னால் முடியாது. பாறைத் தூளால் நுரையீரல் கெடுகிற சிலிகோசிஸ் உண்மை. அதை எழுதியிருக்கிறேன், தப்பிக்கவில்லை. படித்தார்கள், பத்திரிகை அடித்தார்கள், விவாதம் பண்ணினார்கள் என்பதும் அதே அளவு உண்மை. அதை வெட்டினால் மிச்சமிருப்பது வெளியே இருப்பவர்கள் ஏற்கெனவே எங்களைப் பற்றி நினைத்திருப்பதுதான்.

உங்களுக்காக ஒன்று செய்திருக்கிறேன். அந்தப் பகுதியைப் பாதியாகச் சுருக்கிவிட்டேன். அவர் யார் யாரிடம் என்ன பேசினார் என்ற நீண்ட உரையாடல் போய்விட்டது. திண்ணையும் பத்திரிகையும், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கற்றுக்கொள்கிற சின்னப் பெண்ணும் மட்டும் இருக்கிறார்கள். அந்தப் பெண்தான் கஸ்தூரி. இரண்டாம் பாதியில் கோர்ட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும்போது "படிச்சுப் பாத்துட்டுத் தரேன்" என்கிறாளே, அந்த வரிக்கு இப்போதுதான் வேர் கிடைத்தது. நீங்கள் எடுக்கச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தப் பகுதி எதற்காக அங்கே இருக்கிறது என்று நான் என்னையே கேட்டிருக்க மாட்டேன்.

முதல் தடவை போனில் பேசியபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வர் கதைகளை அவருடைய எடிட்டர் கார்டன் லிஷ் வெட்டிய விஷயம். 1981ல் வந்த தொகுப்பில் சில கதைகளில் பாதிக்கும் மேல் போய்விட்டது. புத்தகத்தை நிறுத்துங்கள் என்று கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதியும் அது வெளிவந்தது. பேரும் வாங்கித் தந்தது. கார்வர் எழுதிய மூல வடிவம் அவர் இறந்து இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு, 2009ல்தான் தனியாக அச்சானது. "அப்படி ஒரு எடிட்டராக நான் இருக்க மாட்டேன், நீங்களும் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது" என்றீர்கள். அந்தப் பேச்சு மட்டும் இல்லாவிட்டால் தாத்தா விஷயத்தில் உங்களிடம் இவ்வளவு பேசத் துணிந்திருக்க மாட்டேன்.

தமிழில் இப்படி ஒருவர் நம் பிரதியோடு உட்கார்வது அபூர்வம். எடிட்டிங் என்றதும் எல்லாரும் க்ரியா பதிப்பகம் நடத்திய ராமகிருஷ்ணன் பெயரைச் சொல்கிறோம். 2020ல் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகும் பேச்சு வந்தால் அதே ஒரு பெயரைத்தான் சொல்கிறோம் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பல இடங்களில் கைப்பிரதி நேராக வடிவமைப்புக்குப் போய், மெய்ப்பு பார்த்து, சென்னைப் புத்தகக் காட்சிக்கு அவசரமாக அச்சேறிவிடுகிறது. ஜனவரிக்குள் வந்தாக வேண்டும் என்பதற்காகவே முடிவு சரியாக அமையாத நாவல்கள் வந்திருக்கின்றன. இந்த ஜனவரியை விட்டுவிட நான் தயார். பதிப்பகங்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் இந்த வேலை முடிய வேண்டும்.

முடிவு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கடைசி அத்தியாயத்தைப் பற்றி நீங்கள் இரண்டு குறிப்பு எழுதியிருக்கிறீர்கள், ஒன்று மற்றதோடு மோதுகிறது. ஓரத்தில் "மகன் ரயில் ஏறுவதோடு முடிக்கலாம்" என்கிறீர்கள். கடிதத்தில் "அவள் கதை அவளோடு முடிய வேண்டும்" என்கிறீர்கள். விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் கிளம்புகிற ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆள் ஏற்றிக்கொண்டு, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குப் போகும். சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊர் பிழைத்தது அந்த ரயிலில்தான். அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவை என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் அதில் கஸ்தூரி இல்லை. அவளையே ரயிலில் ஏற்றலாமா என்று யோசிக்கிறேன். சுரங்கம் மூடிய பிறகு பெண்களும்தான் வீட்டு வேலைக்கும் கார்மெண்ட்ஸுக்கும் அந்த ரயிலில் போனார்கள். மகனுக்குப் பதிலாக அவள் போனால், கடைசி மூன்று அத்தியாயங்களைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும். எழுதலாம். ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்தான் தொடங்குவேன்.

அப்புறம், பதிப்பகங்களுக்கு அனுப்பும் கடிதம். நீங்கள் சொன்னபடி ஒரு பக்கத்துக்குள் கதைச் சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும்தான் வைக்கிறேன். "மாபெரும் படைப்பு" மாதிரி எதுவும் எழுதவில்லை, சினிமா பெயரையும் இழுக்கவில்லை. ஒப்பந்தம் என்று வந்தால் மொழிபெயர்ப்பு உரிமை, மின்னூல், ஒலிநூல் மூன்றையும் தனித்தனியாகப் பேசச் சொன்னீர்கள், குறித்துவைத்திருக்கிறேன். நன்றிப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட அனுமதி வேண்டும். இங்கே போடாதது சரி, புத்தகத்தில் போடாமல் இருக்க எனக்கு மனம் வராது.

புதிய கோப்பை நாளை அனுப்புகிறேன். முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் பன்னிரண்டாம் அத்தியாயமும் தாத்தா பகுதியும் போதும். தாத்தா பகுதியைப் படித்துவிட்டு மறுபடியும் "எடுத்துவிடலாம்" என்று தோன்றினால், ஏன் என்று விளக்கமாக எழுதுங்கள். நானும் விளக்கமாகவே பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி