இடம் தராத பாடத்தைக் கட்டாயமாக்காதீர்கள்: கல்விப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விப் பேரவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். எந்தத் துறை மாணவரும் தம் துறைப் பாடங்களோடு கட்டாயமாகப் படிக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்கள் குறித்த நம் பல்கலைக்கழக விதிகளைத் திருத்துவதற்காகத் துணைக்குழு அமைக்கப்பட்டதும், அக்குழு அறிக்கை அளித்ததும், அந்த அறிக்கை மேலும் பரிசீலிக்கப்பட வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டதும் உங்களுக்கு நன்கு தெரிந்தவையே. அவற்றை மீண்டும் விவரிப்பதற்காக நான் எழுதவில்லை. இந்த ஆண்டுப் பட்டம் பெறுவோர் பட்டியல் வெளியாகியிருக்கிறது. நான் ஆலோசகராக இருக்கும் வேதியியல் மாணவி ஒருவரின் பெயர் அதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் தம் துறைக்குரிய பாடங்கள் அனைத்திலும் தேறியவர். ஆய்வேட்டையும் உரிய நாளில் ஒப்படைத்தவர். ‘கலையும் வெளிப்பாடும்’ என்ற பொதுக்கல்விப் பிரிவில் எடுத்திருக்க வேண்டிய மூன்று கிரெடிட் பாடம் ஒன்று மட்டுமே அவருக்குக் குறைகிறது. கையேட்டைப் புரட்டிப் பார்ப்பவருக்கு அந்தப் பிரிவில் பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அப்பட்டியலில் உள்ளவற்றில் பல, ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு நடத்தப்படவே இல்லை. சிலவற்றுக்கு முன்தகுதிப் பாடங்கள் உண்டு. அவற்றைக் கலைத்துறை மாணவர்கள் மட்டுமே படித்திருப்பார்கள். எல்லோருக்கும் திறந்திருக்கும் ஒன்றிரண்டு பாடங்களோ வேதியியல் மாணவர்கள் ஆய்வகத்தை விட்டு நகர முடியாத பிற்பகல் நேரத்தில் நடக்கின்றன. நேரம் ஒத்துவந்த ஒரே ஒரு செமஸ்டரில், பதிவு தொடங்கிய சற்று நேரத்திலேயே இடங்கள் நிரம்பிவிட்டதால், அவர் பெயர் காத்திருப்போர் பட்டியலில் சேர்ந்து அங்கேயே நின்றுவிட்டது.

இதில் இன்னொன்றையும் நீங்கள் அறிய வேண்டும். பழைய ஓவியங்களின் நிறமிகளைப் பற்றியும் அவற்றைப் பாதுகாக்கும் முறைகளைப் பற்றியுமான மேல்நிலைப் பாடம் ஒன்றை அந்த மாணவி விரும்பி எடுத்துப் படித்திருக்கிறார். ஓவியங்களைப் பார்க்கவும், அவை வரையப்பட்ட விதத்தை ஆராயவும், அதைப் பற்றி எழுதவும் அந்தப் பாடம் அவருக்குப் பயிற்சி தந்தது. அதையே இந்தப் பிரிவுக்கு ஈடாக ஏற்குமாறு அவர் விண்ணப்பித்தார். பாடக் குறியீடு வேதியியல் துறைக்குரியது என்பதால் ஏற்க இயலாது என்றும், அடுத்த செமஸ்டரில் உரிய பாடத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்றும் இரண்டு வரியில் பதில் வந்தது. அடுத்த செமஸ்டரில் அந்தப் பிரிவில் அவர் சேரக்கூடிய பாடம் எதுவும் அறிவிக்கப்படவில்லை என்பதைப் பதில் எழுதியவர் பார்த்ததாகத் தெரியவில்லை. எட்டு செமஸ்டருக்கு மட்டுமே வழங்கப்படும் அவருடைய உதவித்தொகை முடிந்துவிட்டது. வேலைக்கு அழைத்த நிறுவனம் பட்டச் சான்றிதழைக் கேட்கிறது. பதிவைத் தக்கவைத்துக்கொள்ள அவர் இனிக் கட்டணமும் செலுத்த வேண்டும்.

கட்டாயம் என்று விதித்தது இப்பேரவை. இடமில்லை என்று சொன்னதும் இதே பல்கலைக்கழகம். இந்த இரண்டுக்கும் நடுவே கழிகிற காலத்தின் செலவு மட்டும் மாணவர் தலையில் விழுகிறது. எனவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பாடத்துக்கு இடத்தை உறுதிசெய்ய இயலாதோ, அந்தப் பாடத்தைப் பட்டத்துக்கு நிபந்தனையாக வைக்காதீர்கள்.

பொதுக்கல்வியே வேண்டாம் என்று வாதிடுபவன் அல்லன் நான். வேதியியல் படிப்பவர் ஒரு கவிதையையும், இலக்கியம் படிப்பவர் ஒரு புள்ளிவிவர அட்டவணையையும் அச்சமின்றி அணுகப் பழக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நோக்கத்தை மெய்யாக எடுத்துக்கொண்ட பல்கலைக்கழகங்கள் அதற்கான பொறுப்பையும் சேர்த்தே ஏற்றன. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1919இல், முதல் உலகப் போரை அடுத்து, தற்கால நாகரிகம் பற்றிய பொதுப் பாடத்தைத் தொடங்கியது. இன்றும் அங்கே இளநிலைக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் அதைப் படிக்கிறார், அதுவும் சிறிய கலந்துரையாடல் வகுப்பில் அமர்ந்து. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம், 2012இல் நான்காண்டு பட்டப்படிப்புக்கு மாறியபோது, மனிதகுலத்தோடும் இயற்கையோடும் உரையாடுவதாக வகுத்த இரண்டு அடித்தளப் பாடங்களை எல்லா மாணவர்க்கும் பொதுவாக்கியது. மூல நூல்களைப் படித்துச் சிறு குழுக்களில் விவாதிப்பதே அவற்றின் முறை. இதற்கு நேர் எதிர்த்திசையில் சென்ற அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம், மாணவர்களே முன்னெடுத்த ஆய்வொன்றின் பின்னர், 1969இல் இத்தகைய பிரிவுவாரிக் கட்டாயங்களைக் கைவிட்டு, தேர்வை மாணவரிடமும் வழிகாட்டும் பொறுப்பை ஆலோசகர்களிடமும் ஒப்படைத்தது. இவற்றில் எது சிறந்தது என்று நாம் வாதிடலாம். நம்முடைய ஏற்பாடு இவற்றில் எந்த வகையையும் சேராதது என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. முதலிரண்டின் கட்டாயம் நம்மிடம் உண்டு, அவற்றின் வகுப்பறை இல்லை. மூன்றாவதன் நீளமான பாடப்பட்டியல் உண்டு, அதன் சுதந்திரம் இல்லை.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பது நம்மிடையே வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. ஒரு துறைக்கு எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் என்பது அத்துறைப் பாடங்களில் எத்தனை மாணவர்கள் பதிவு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தம் பாடம் பொதுக்கல்விப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டால் மாணவர் எண்ணிக்கைக்குக் கவலையில்லை என்பது துறைத்தலைவர்கள் அனைவருக்கும் தெரியும். ஆகவே பட்டியலில் பாடங்கள் சேர்ந்துகொண்டே வந்தன, எதுவும் நீக்கப்படவில்லை. நான் அமர்ந்திருந்த பாடத்திட்டக் கூட்டங்களில், இன்ன பாடம் இன்ன துறைக்குப் போக வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாடத்தில் மாணவர் எதைக் கற்பார் என்ற கேள்வி தேநீர் வரும்வரை எழுந்ததில்லை. தேநீருக்குப் பின்னும் எழுந்ததாக நினைவில்லை. மாணவரின் அறிவை விரிவாக்குவதற்காக என்று கையேட்டின் முன்னுரை சொல்கிறது. விரிந்தவை துறைகளின் எல்லைகள்தாம்.

இடம் கிடைத்தவர்களின் நிலையும் பொறாமைப்படத்தக்கதன்று. ஒரு கிரெடிட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பும் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதன்படி பதினைந்து வாரம் நடக்கும் மூன்று கிரெடிட் பாடம் ஒன்று மாணவரின் வாழ்நாளில் 135 மணி நேரத்தைக் கேட்கிறது. அவ்வளவையும் வாங்கிக்கொண்டு நாம் அவருக்குத் தருவது, ஒரு பெரிய அரங்கில் கடைசி வரிசைக்கும் எட்டாத சொற்பொழிவும், சரியான விடையைக் குறியிடும் தேர்வும்தான். பாடத்தை நடத்துபவரோ, பெரும்பாலும் செமஸ்டர் தொடங்கும் தறுவாயில் அழைக்கப்பட்டு, ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஊதியம் பெறும் பகுதிநேர ஆசிரியர். மாணவர்களின் கட்டுரைகளைப் படித்துத் திருத்தித் தர அவருக்கு விருப்பம் இருக்கலாம். நேரம் இருக்க முடியாது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விதியைத் தளர்த்தினால் மாணவர்கள் சுலபமான பாடங்களை நாடிப் போவார்கள் என்று சென்ற விவாதத்தில் மூத்த உறுப்பினர்கள் சிலர் அஞ்சினார்கள். மாணவர்கள் இப்போதும் அப்படித்தான் போகிறார்கள். எந்தப் பாடத்தில் வருகைப்பதிவு இல்லை, எதில் சென்ற ஆண்டு வினாத்தாளே திரும்ப வருகிறது என்ற விவரமெல்லாம் கையேட்டைவிடத் துல்லியமாக மாணவர்களிடையே உலவுகிறது. இறுக்கமான விதி அவர்களைக் கடினமான பாடத்தின் பக்கம் திருப்பவில்லை. ஆய்வகமோ பகுதிநேர வேலையோ இல்லாமல், பதிவு தொடங்கும் வேளையில் கணினிமுன் அமர வாய்ப்புள்ளவர்களுக்கே நல்ல பாடங்களை அது ஒதுக்கித் தந்திருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் மாற்றிவிட முடியாது என்பதை அறிவேன். ஆகவே முதலில் வேண்டுவதை மீண்டும் சொல்கிறேன்: இடத்தை உறுதிசெய்ய இயலாத பாடத்தைப் பட்டத்துக்கு நிபந்தனையாக வைக்காதீர்கள். ஒரு பிரிவைக் கட்டாயமாக்கினால், இறுதியாண்டு மாணவர் அனைவருக்கும் போதுமான இடங்களோடு, முன்தகுதி கேட்காத பாடங்கள் அந்தப் பிரிவில் ஒவ்வொரு செமஸ்டரிலும் நடக்க வேண்டும். அதற்கு நிதி இல்லையென்றால், பிரிவுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, எஞ்சியவற்றையாவது சிறிய வகுப்புகளில், நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நடத்துங்கள். ஒரு பாடம் எந்தப் பிரிவுக்கு ஈடாகும் என்பதை அதன் குறியீட்டை வைத்து முடிவு செய்யாமல், அதன் பாடத்திட்டத்தைப் படித்து முடிவு செய்யுங்கள். பேராசிரியர்கள் நிறைந்த அவையிடம் படித்துப் பார்க்கும்படி கேட்பது அதிகப்படியாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டும்.

துணைக்குழுவின் அறிக்கையை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் காத்திராமல் உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பொதுக்கல்விப் பாடம் ஒன்று மட்டும் குறைந்து, அந்தப் பாடத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருந்ததற்குப் பதிவேடும் உள்ள இறுதியாண்டு மாணவர்கள் அனைவருக்கும் இந்த ஆண்டே விலக்கு அளித்து, பட்டமளிப்பு விழாவுக்கு முன்பாகத் திருத்தப்பட்ட பட்டியலை வெளியிடுமாறு பதிவாளருக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். அத்தகைய மாணவர்களின் விவரங்களைத் துறைவாரியாகத் திரட்டித் தர நானும் சக ஆலோசகர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மாணவர் ஆலோசனைப் பொறுப்பிலுள்ள ஓர் ஆசிரியர்