செல்வத்துக்கு: இரண்டு ஈ கட்டுவது பற்றி

ஊட்டி, ஜூலை 14

அன்பு மகன் செல்வத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மூன்று மாதம் கழித்து உன்னிடமிருந்து செய்தி வந்தது. நான்கே வரி, அதிலும் மூன்று வரி, ஒரே தூண்டில் நரம்பில், முள்ளில் இறகு சுற்றிய போலி ஈ இரண்டைக் கட்டினால் ஏன் ஒவ்வொரு வீச்சுக்கும் சிக்கிக்கொள்கிறது என்ற கேள்வி. போகட்டும், அதையாவது என்னிடம் கேட்கத் தோன்றியதே என்று அம்மா சொன்னாள்.

நீ அனுப்பிய படத்தில் இருக்கும் மீன் இரண்டு கிலோவுக்குக் குறையாது. மீன் பொரிப்பகத்தில் வாட்சராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவரிடம் காட்டினேன். நியூசிலாந்தின் டவ்போ ஏரியிலிருந்து குளிர்காலத்தில் முட்டையிட டோங்காரிரோ ஆற்றில் ஏறும் ரெயின்போ டிரவுட் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 1907இல் வில்சன் துரை அவலாஞ்சியில் பொரிப்பகம் தொடங்கிய காலத்தில் நீலகிரிக்கு வந்த முட்டைகளில் நியூசிலாந்து முட்டைகளும் உண்டு. ஆகவே நீ பிடிப்பது நம் ஊர் மீனுக்குப் பங்காளிதான் என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மீனைக் கல்லின்மேல் கிடத்தி, பக்கத்தில் கோலை வைத்து, நீயே குனிந்து எடுத்த படம் அது. முன்பெல்லாம் நீ மீனைப் பிடித்துக்கொண்டு நிற்பாய், கோமதி எடுப்பாள்.

சரி, கேட்டதற்கு வருகிறேன். முதல் ஈயின் முள் வளைவில் இன்னொரு நரம்பைக் கட்டி, அதன் நுனியில் இரண்டாவது ஈயைக் கட்டுவதே எளிய முறை. பின்நரம்பு 12 அங்குலத்திலிருந்து 18 அங்குலம் வரை போதும். நீ ஒரு முழம் தாண்டி விட்டிருப்பாய் என்பது என் ஊகம். நீளம் கூடக்கூடச் சிக்கலும் கூடும். பின்நரம்பு முன்நரம்பைவிட ஒரு படி மெல்லியதாக இருக்க வேண்டும். முன்னது 0.20 மில்லிமீட்டர் என்றால் பின்னது 0.18. அடியில் கல்லில் மாட்டினால் கடைசி ஈ மட்டும் போகும், முதலாவது மிஞ்சும். முடிச்சை எச்சிலால் நனைத்த பிறகே இறுக்கு. காய்ந்த நரம்பை இறுக்கினால் சூட்டில் அதன் பலம் போய்விடும்.

உங்கள் ஆற்றில் கனமான ஈயை முன்னால் கட்டி, சின்னதைப் பின்னால் விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அது சரியான முறை. கனமானது அடிவரை இறங்கி வழி காட்டும். சின்னது அதன் பின்னால் மிதந்து வரும். மீன் பெரும்பாலும் சின்னதைத்தான் எடுக்கும். கனத்தைக் கடைசியில் கட்டுகிறவர்களும் உண்டு, எனக்கு அது பழக்கமில்லை. அந்தக் காலத்துத் துரைமார் இரண்டு நரம்பை இணைக்கும் முடிச்சில் மிஞ்சும் வாலை வெட்டாமல் நான்கைந்து அங்குலம் விட்டு, அந்த வாலில் மேல் ஈயைக் கட்டுவார்கள். அதை டிராப்பர் என்பார்கள். ஈ நன்றாக ஆடும், ஆனால் நரம்பைச் சுற்றிக்கொள்ளும். நீ அதற்கு இப்போது போகாதே.

சிக்கலுக்குப் பாதிக் காரணம் கட்டு, மீதி உன் அவசரம். ஒரு ஈக்கு வீசுகிற வேகத்தில் இரண்டு ஈயை வீசக் கூடாது. பின்வீச்சில் நரம்பு முழுதும் நீள்கிறவரை பொறுத்திருந்து, காற்றில் நரம்பின் வளையம் அகலமாக வரும்படி மெதுவாக முன்னால் கொண்டுவா. பொறுக்கச் சொன்னால் உனக்கு எப்போதுமே ஆகாது. பத்து வயதிலும் ஆகாது. இன்னொன்று: முள்ளின் உட்புறம் பின்நோக்கி நிற்கும் செதிலைக் குறட்டால் நசுக்கிவிடு. இரண்டு முள்ளிலும் நசுக்க வேண்டும். மீன் தப்பிவிடும் என்று பயப்படாதே; நரம்பைத் தளரவிடாவிட்டால் தப்பாது.

இரண்டு ஈயில் ஆபத்து வீசும்போது இல்லை, மீன் கைக்கு வரும்போதுதான். மீன் ஒரு ஈயை எடுத்திருக்கும், மற்றது வெறுமனே தொங்கும். மீன் துள்ளும் ஒவ்வொரு துள்ளலுக்கும் அது எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. உனக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் வலது கட்டை விரலின் அடியில் இன்னும் தழும்பு இருக்கும்.

அன்று அவலாஞ்சியில் மீன் எடுத்தது மேல் ஈயை. நீ வலையை நீட்டினாய். கீழ் ஈ உன் கையில் ஏறியது. முள்ளும் மீனும் ஒரே நரம்பில் இருந்ததால் மீன் துள்ளத் துள்ள அது உன் சதையை இழுத்தது. இரண்டுக்கும் நடுவே நரம்பை வெட்டியிருக்க வேண்டும். ஒரு நொடி வேலை, கத்தரி என் சட்டைப்பையில்தான் இருந்தது. கரையில் என் மேலதிகாரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் "வலையை விடாதே" என்றுதான் கத்தினேன். மீனை எடுத்து, அவருக்குத் தூக்கிக் காட்டிவிட்டு, அதன் பிறகுதான் உன் கையைப் பார்த்தேன். செதில் நசுக்காத முள். வீட்டில் மூங்கில் சிராய் ஏறியது என்று நான் சொன்னேன். நீயும் அப்படியே சொன்னாய். பதினோரு வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னதை நான் இத்தனை வருடம் உன்னிடம் பேசியதே இல்லை. போன வாரம்தான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் முன்பே அறிந்திருந்தாள்.

ஆகவே செதிலை நசுக்கு. நரம்பு வெட்டியை இடது கைக்கு எட்டும்படி கழுத்தில் தொங்கவிடு. கையில் முள் ஏறினால் மீனை மறந்துவிட்டு முதலில் நரம்பை வெட்டு. மீன் போனால் போகட்டும். அந்தத் தண்ணீரில் தனியாக இறங்காதே. பச்சை டப்பாவில் இருந்த ஈக்கள் பன்னிரண்டையும் நானே நசுக்கி அனுப்பியிருக்கிறேன். இருந்தாலும் ஒரு முறை நீயும் பார்த்துக்கொள்.

அடுத்த முறை நான்கு வரிக்கு மேல் எழுத முடியாவிட்டாலும், வலையை யார் பிடிக்கிறார்கள் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா