கழன்று விழும் முனைக்காப்புகள்: தொப்பி ஊசித் தொகுப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
ஆடை அணிகலன் பொறுப்பாளர்,
ஆங்கில நாடகக் குழு,
மயிலாப்பூர், சென்னை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
மேடை அணிகலன் விற்பனை நிறுவனம்.

நாள்: 26.02.2025

பொருள்: 30 தொப்பி ஊசிகளுடன் அனுப்பப்பட்ட முனைக்காப்புகளின் குறைபாடு, அதனால் ஏற்பட்ட காயம் மற்றும் சேதம், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 06.01.2025 நாளிட்ட எனது ஆர்டர்; 10.02.2025 நாளிட்ட எனது மின்னஞ்சல், 14.02.2025 நாளிட்ட தங்கள் பதில்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் இணையதளத்தில் ‘எட்வர்டு காலத் தொப்பி ஊசி, பித்தளை முனைக்காப்புடன்’ என்ற பெயரில் விற்கப்படும் எட்டு அங்குல ஊசித் தொகுப்பில் 30 எண்ணிக்கையை, ஒன்று ரூ.340 வீதம் ரூ.10,200-க்கும், கூரியர் கட்டணம் ரூ.260 சேர்த்து மொத்தம் ரூ.10,460-க்கும் வாங்கினேன். பொருள் 20.01.2025 அன்று வந்து சேர்ந்தது. ஊசிகளைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பி நேராக இருக்கிறது, தலைப்பகுதியின் வேலைப்பாடு நன்றாக இருக்கிறது, ஒட்டு ஒன்றுகூட விடவில்லை. என் புகார் முழுவதும் ஊசியின் மறுமுனையில் மாட்டுவதற்காக நீங்கள் கொடுத்த காப்புகளைப் பற்றியது.

தங்கள் 14.02.2025 பதிலில், அந்தக் காப்பு ஊசியோடு வரும் ‘இலவச அழகுப் பொருள்’ என்றும், அதற்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தொப்பி ஊசி என்பது என்ன, அதற்குக் காப்பு எதற்கு என்பது தங்கள் அலுவலகத்தில் பதில் எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் இந்த வரியை எழுதியிருக்கமாட்டார் என்று நினைப்பதால், சற்று விளக்கமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் நாடகம் 1911 ஜூன் 17 அன்று லண்டனில், ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழாவுக்குச் சில நாள்கள் முன்பு, வாக்குரிமை கேட்டுப் பெண்கள் நடத்திய மாபெரும் ஊர்வலத்தைப் பற்றியது. சுமார் 40,000 பெண்கள் நடந்த அந்த ஊர்வலத்தில் புடவை உடுத்திய இந்தியப் பெண்களும் ஒரு பிரிவாக நடந்தார்கள்; அந்தப் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. எனவே எங்கள் மேடையில் பெரிய தொப்பி அணிந்த பன்னிரண்டு பேரும் பட்டுப் புடவை கட்டிய ஐந்து பேரும் கொடிகளைப் பிடித்துக்கொண்டு தோளோடு தோள் உரச நடந்து வர வேண்டும். அந்தக் காலத்துத் தொப்பியின் விளிம்பு தோளையும் தாண்டி நிற்கும். அதைக் கட்ட நாடா கிடையாது. உள்ளே பொய்முடி வைத்து உயர்த்திய கொண்டையைத் துளைத்துக்கொண்டு ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால்தான் தொப்பி தலையில் நிற்கும். வெளியே வரும் அந்த முனை, பக்கத்தில் நிற்பவரின் கன்னத்துக்கும் கண்ணுக்கும் நேராக இருக்கும். மேடையில் மட்டும் எழுந்த தொல்லை அல்ல இது. நெரிசலான டிராம் வண்டிகளில் சக பயணிகளின் முகத்தில் குத்துகிறது என்று அக்காலத்தில் ஊருக்கு ஊர் புகார் எழுந்து, 1910 மார்ச்சில் சிகாகோ நகர மன்றம் தொப்பியின் உச்சிப்பகுதிக்கு வெளியே அரை அங்குலத்துக்கு மேல் ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் 50 டாலர் வரை அபராதம் என்று விதியே இயற்றியது. சிட்னியிலும் காப்பில்லாத ஊசிக்காகப் பெண்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அந்த விதிகளில் பெண்கள் மீதான எரிச்சலும் கலந்திருந்தது என்பது என் எண்ணம்; தெருவில் தொல்லை கொடுத்த ஆண்களிடமிருந்து தப்ப அவர்கள் கையில் இருந்த ஆயுதமும் அந்த ஊசிதான். ஆனால் முனை கூர்மையானது, அதை மூட வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஊசி முனையில் மாட்டிக் கழலாமல் நிற்கும் சின்னஞ்சிறு மூடிகளுக்குப் பலர் காப்புரிமை வாங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். அந்த மூடியின் வழிவந்ததைத்தான் நீங்கள் ‘இலவச அழகுப் பொருள்’ என்கிறீர்கள்.

மேலும், தங்கள் விற்பனைப் பக்கத்தில் ‘உள்ளே ரப்பர் பிடிமானம் கொண்ட பித்தளைக் காப்பு, அசைவில் கழலாது, அருகில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு’ என்று மூன்று வாக்குறுதிகள் அச்சிடப்பட்டுள்ளன. காப்பில்லாத அதே ஊசியை அதே பக்கத்தில் ரூ.220-க்கு விற்கிறீர்கள். அப்படியானால் காப்புக்காக நான் ஊசிக்கு ரூ.120 கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். விலை வைத்து விற்ற ஒன்றை இலவசம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

08.02.2025 அன்று முழு ஒப்பனையுடன் ஒத்திகை நடந்தது. பன்னிரண்டு தொப்பிகளுக்கும் தலா இரண்டு ஊசி செருகி, இருபத்து நான்கு முனைகளிலும் காப்பு மாட்டியதை நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஊர்வலக் காட்சி தொடங்கி நான்கைந்து நிமிடங்களுக்குள் மேடைத் தரையில் ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்டது. கொடிக்கம்பம் தரையில் படுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். விழுந்தவை காப்புகள். காட்சியை நிறுத்தச் சொல்லி நான் பக்கத் திரையிலிருந்து ஓடுவதற்குள், முன்வரிசையில் இருந்த ஒருவர் வசனத்துக்காகத் தலையைத் திருப்பினார். மூடியில்லாத முனை பக்கத்தில் புடவையில் நின்ற நடிகையின் இடது கண்ணுக்குக் கீழே, கண்ணிமையிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில், நீளமாகக் கீறிவிட்டது. அவர் பதறிப் பின்வாங்கியதில் அதே ஊசி அவருடைய தோளில் இருந்த முந்தானையில் மாட்டிப் பட்டு இழையை ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துவிட்டது. அது அவருடைய பாட்டியின் காஞ்சிபுரம் புடவை. அந்தக் காலத்து அரக்கு நிறம் இப்போது கிடைப்பதில்லை என்பதால் நான்தான் கேட்டு வாங்கிக் கட்டச் சொன்னேன். அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, காயத்தைச் சுத்தம் செய்து, டி.டி. ஊசி போட்டுத் திரும்பும்போது இரவு பத்தரை மணி. காயம் ஆழமில்லை என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒரு விரற்கடையை நினைத்தால் எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது.

தாங்கள் பதிலில் ‘ஊசியைச் சரியாகப் பொருத்தாததால் நேர்ந்திருக்கலாம்’ என்று ஊகித்திருப்பதால், ஒத்திகைக்கு மறுநாள் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். முப்பது காப்புகளையும் எண் எழுதிய சிறு உறைகளில் இட்டு, எங்கள் தெருவில் நகை வேலை செய்யும் பத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். தோட்டுக்குத் திருகாணியும் மூக்குத்திக்கு மரையும் பூட்டியே ஐம்பது வயதைக் கடந்தவர் அவர். கம்பியில் மூடி நிற்குமா நிற்காதா என்பதை அவரைவிட நன்றாகச் சொல்ல எனக்கு யாரையும் தெரியாது. காலிபர் வைத்து அளந்தார். ஊசிக் கம்பியின் தடிமன் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். காப்பின் உள்துளை 1.8 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்பிக் கம்பியைக் கவ்விப் பிடிப்பதற்குத்தான் தாங்கள் சொல்லும் ரப்பர் பிடிமானம். முப்பதில் நான்கில் மட்டுமே அது ஒழுங்காக இருந்தது. அந்த நான்கும் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் விழவில்லை. இருபத்து மூன்றில் ரப்பரே இல்லை, அல்லது பசை காய்ந்து தூளாகி உள்ளே கிடந்தது. அவற்றை முனை கீழே இருக்கும்படி பிடித்து ஐந்து முறை லேசாக ஆட்டியதில் அத்தனையும் விழுந்தன. மீதி மூன்றில் கோளாறு வேறு விதம்: காப்பின் அடியில் பற்றவைத்த தகடு பிடிப்பு விட்டிருந்ததால், ஊசியை அழுத்தினால் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்தது. பத்தர் அந்த மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “பிஞ்சுக் காதுக்குப் போடுற தோடுன்னா இதை நான் கடைக்கு வெளியிலயே அனுப்ப மாட்டேன்மா” என்றார். அளவுகளை எழுதிய தாளையும் படங்களையும் 10.02.2025 மின்னஞ்சலிலேயே அனுப்பியிருந்தேன். தங்கள் பதிலில் அவற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

காப்பே இல்லாத ஊசியாக இருந்தால் முனை வெளியே தெரியும். நடிகர்கள் எச்சரிக்கையாக விலகி நிற்பார்கள், நானும் காட்சியின் அமைப்பையே மாற்றியிருப்பேன். காப்பு இருக்கிறது என்று நம்பித்தான் பதினேழு பேரை நெருக்கி நிறுத்தினேன். கழன்று விழும் காப்பு, காப்பில்லாமையை விட ஆபத்தானது. எங்கள் ஒரு குழுவுக்குத் தீர்வு தந்தால் மட்டும் போதாது. இதே தொகுப்பைத் திருமணப் புகைப்படக்காரர்களுக்கும் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் தாங்கள் பரிந்துரைத்திருப்பதைப் பார்த்தேன். ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் இது ஏறுவதற்கு முன் விற்பனையை நிறுத்த வேண்டும்.

பிப்ரவரி 21, 22 தேதிகளில் நடந்த காட்சிகளை எப்படி நடத்தினோம் என்று கேட்கலாம். சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கி, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மடித்து நூலால் இறுக்கிக் கட்டி, பித்தளை நிறம் அடித்து, ஊசி முனைகளில் ஏற்றினோம். மொத்தச் செலவு நாற்பது ரூபாயைத் தொடவில்லை. இரண்டு நாளும் ஒன்றுகூடக் கழலவில்லை. முன்வரிசைப் பார்வையாளர் யாரும் வித்தியாசம் கண்டதாகவும் தெரியவில்லை. ரூ.120 விலைக்குரிய தங்கள் காப்பு செய்யாததை வால்வு டியூப் செய்தது என்பதைத் தங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

‘உடலில் படும் அணிகலன்களைச் சுகாதாரக் காரணங்களால் திரும்பப் பெறுவதில்லை’ என்ற தங்கள் விதி, பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புகிறவருக்குப் பொருந்தலாம். குறைபாடுள்ள பொருளுக்குப் பொருந்தாது. இணையவழி வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. என் மின்னஞ்சலுக்கு நான்காம் நாள்தான் முதல் பதில் வந்தது. ‘வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர்’ என்று அடுத்துச் சொல்ல வாய்ப்பிருப்பதால் அதையும் இப்போதே தெளிவாக்கிவிடுகிறேன்: எங்கள் குழுவில் சம்பளம் வாங்குபவர் யாரும் இல்லை; நுழைவுக் கட்டணம் அரங்க வாடகைக்கே போய்விடுகிறது; ஊசிகளுக்கான பணம் என் சொந்தக் கணக்கிலிருந்து, என் பெயரில் செலுத்தப்பட்டது.

ஆகவே, தொகுப்புக்குச் செலுத்திய ரூ.10,460-ஐயும், மருத்துவச் செலவு ரூ.650-ஐயும், புடவையின் இழையைச் சரிசெய்யத் தறிக்காரருக்குக் கொடுத்த ரூ.1,800-ஐயும் சேர்த்து ரூ.12,910-ஐ, இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாள்களுக்குள் நான் பணம் செலுத்திய அதே கணக்குக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ரசீதுகளின் நகல்களை இதனுடன் வைத்திருக்கிறேன். ஊசிகளை மட்டும் வைத்துக்கொள்ள நான் விரும்புவேன் என்று தங்களுக்குத் தோன்றினால், காப்பில்லாத விலையான ரூ.220 வீதம் ரூ.6,600-ஐக் கழித்துக்கொண்டு மீதி ரூ.6,310-ஐ அனுப்பலாம், அதற்கும் எனக்குச் சம்மதமே. காயம்பட்டவருக்குத் தங்கள் நிறுவனத்தின் பெயரில் ஒரு வருத்தக் கடிதம் வர வேண்டும் என்பதில் மட்டும் நான் இறங்கி வரப்போவதில்லை. இழப்பீடு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். வருத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதினைந்து நாள்களுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சென்னை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன்.

முப்பது காப்புகளும் எண்ணிட்ட உறைகளில், ரப்பர் தூள் உள்பட, அப்படியே என்னிடம் இருக்கின்றன. அவற்றைத் தபாலில் அனுப்ப மாட்டேன். தங்கள் ஆள் நேரில் வந்தால், பத்தர் முன்னிலையில் அளந்து காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறேன். வருவதற்கு ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆடை அணிகலன் பொறுப்பாளர்
(கையொப்பம்)