அரியமான் மணல் வேண்டாம், தாயி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ கேட்டபடி ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் அரியமான் கடற்கரைக்குப் போய் ஒரு தூக்குவாளி மணல் அள்ளி வந்தேன். "நம்ம ஊரு மணல்தாம்ப்பா என் மீன் தொட்டியில கெடக்கணும்" என்று நீ சொன்னது காதிலேயே இருந்தது. ஆனாலும் அந்த மணலை உன் தொட்டிக்கு அனுப்பப் போவதில்லை. போனில் சொன்னால் வருத்தப்பட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

திண்ணையில் காயவைத்துப் பார்த்தபோதே சந்தேகம் வந்துவிட்டது. உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி மினுங்குகிற மணலுக்கு நடுவே வெள்ளையும் ரோஸுமாகக் கிளிஞ்சல் நொறுக்கல். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தேன். ஒன்றில் அரியமான் மணல். இன்னொன்றில் நம் வீடு கட்டினபோது மிஞ்சி, கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறதே, அந்த வைகை ஆற்று மணல். இரண்டிலும் கடை வினிகரை ஊற்றினேன். ஆற்று மணலில் நாலைந்து குமிழ் வந்து அடங்கிவிட்டது. அது மணலுக்குள் இருந்த காற்று, அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. கடல் மணலோ சோடாவை உடைத்த மாதிரி நுரைத்தது. காதைக் கிட்டே வைத்தால் சுர்ரென்று சத்தம். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தாலும் நிற்கவில்லை.

அது சுண்ணாம்பின் வேலை. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு என்பது கொத்தனார் மகளான உனக்குத் தெரியும். அதே சரக்கு சுடாமல் அந்த மணலில் கலந்து கிடக்கிறது. நம் பக்கத்துக் கடல் மணலில் பவளப்பாறைத் துணுக்கும் சேரலாம். அந்தக் காலத்தில் சுண்ணாம்புக்கென்று பவளத்தை வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. ஒதுங்கிக் கிடக்கிறதே என்று இங்கே வரும்போது ஒரு துண்டு பவளத்தைக்கூட எடுத்துவிடாதே, சட்டப்படி அது குற்றம்.

அந்தச் சுண்ணாம்பு தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். உப்பை மட்டும் கழுவிப் போக்கிவிடலாம், இதைப் போக்க முடியாது. தண்ணீர் கடினமாகும், காரத்தன்மை ஏறும். அப்படி ஏறிய தண்ணீரில் மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவுக்கு விஷம் கூடுதல். நீ ஆசைப்படுகிற நியான் டெட்ரா கடினமில்லாத தண்ணீரில் வாழ்கிற மீன், பாவம், அதுதான் முதலில் வாடும்.

அதனால் வைகை மணலையே அனுப்புகிறேன். அந்த ஆறும் நம் ஆற்றங்கரைப் பக்கம்தான் கடலில் சேர்கிறது, இதுவும் நம் ஊர் மணல்தான் தாயி. உன் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம். சராசரி நாலு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏழு லிட்டர் மணல் பிடிக்கும், எடை பதினொரு கிலோவுக்குக் குறையாது. கழுவினால் குறையும் என்று பதினான்கு கிலோ கட்டியிருக்கிறேன்.

பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் எம்-சாண்ட் கிடக்கிறது, அதைப் போடட்டுமா என்று கேட்டாயே, கூடவே கூடாது. அது கல்லை உடைத்துச் செய்தது, ஓரமெல்லாம் கூர். நீ வாங்கப் போவது அயிரை. சின்ன வயசில் அம்மா குழம்புக்கு வாங்கின அயிரையில் இரண்டை எடுத்து வாளியில் விட்டாயே, நினைவிருக்கிறதா? வெறும் அடியில் முட்டி முட்டித் தவித்தன. நான் ஒரு கை பூச்சு மணலைப் போட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே புதைந்து, கண்ணு மட்டும் வெளியே தெரிந்தது. நீ அன்றைக்குச் சாப்பிடவே வரவில்லை. வாயைச் சுற்றி மெல்லிய மீசை வைத்து மணலைத் துழாவித் தின்கிற மீன் அது. கூர் மணலில் அந்த மீசை தேய்ந்து புண்ணாகும். ஆற்று மணல் உருண்டு உருண்டு வந்தது, உறுத்தாது.

இன்னும் மணல் தேவைப்பட்டால் சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் கேள். சாயம் போட்ட மணலைத் தொடாதே. தண்ணீர் ஃபில்டருக்குப் போடுகிற சிலிக்கா மணலில் அரை மில்லிமீட்டர் அளவு நல்லது. எதை வாங்கினாலும் வினிகர் ஊற்றிப் பார்த்த பிறகு போடு.

நான் சல்லடையில் சலித்து இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டேன். கழுவுகிற வேலை உன்னுடையது, இதில் மட்டும் அவசரப்படாதே. வாளியில் கால்வாசிக்கு மேல் மணல் போடாதே. டியூப்பை அடிவரை விட்டுத் தண்ணீர் திறந்து, கையால் அரிசி களைவதுபோல் அடியிலிருந்து கிளறு. மணல் உட்காரும், வண்டல் மேலே நிற்கும், அதைச் சாய்த்து ஊற்று. முதல் தண்ணீர் டீ நிறத்தில் வரும். பத்துத் தடவையாவது ஆகும். கிளறின தண்ணீருக்குள் உன் விரல் நகம் தெளிவாகத் தெரிகிறவரை விடாதே. சோப்பு, டெட்டால் எதுவும் கூடாது. அப்புறம், கழுவின தண்ணீரை பாத்ரூமில் ஊற்றாதே. சன்ன மணல் குழாய் வளைவில் உட்கார்ந்து அடைத்துவிடும், அப்படி அடைத்த வீடுகளுக்குப் போய் நானே உடைத்துச் சரிசெய்திருக்கிறேன். செடிகளுக்கு ஊற்று.

தொட்டியில் பின்பக்கம் ஐந்து, முன்பக்கம் மூன்று சென்டிமீட்டராகச் சரித்துப் போடு. மேலே ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்று. ஒரு நாள் மோர் மாதிரி இருக்கும், பயப்படாதே. தெளிகிறவரை ஃபில்டரைப் போடாதே, மணல் மோட்டாருக்குள் போனால் தேய்த்துவிடும். மீனை உடனே விடாதே. கழிவைத் தின்கிற நுண்ணுயிர் மணலில் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அதைக் கொன்றுவிடும், அதனால் குளோரின் நீக்கும் மருந்து விட்டபிறகே தண்ணீர் மாற்று.

நாளாக ஆக மணல் இறுகி, அடியில் கறுப்பாகி அழுகின முட்டை நாற்றம் வரலாம். வாரத்துக்கொரு தடவை ஈர்க்குச்சியால் லேசாகக் குத்திவிடு. அயிரையும் கிளறிக்கொண்டே இருக்கும்.

மேலத்தெருத் தம்பி வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்தில் சேது எக்ஸ்பிரஸ் ஏறுகிறான். மணலை இரண்டு பையாகப் பிரித்துக் கட்டியிருக்கிறேன், நீ ஒருத்தியே தூக்காதே, எழும்பூரில் அவனையும் பிடிக்கச் சொல். கூடவே ஹார்லிக்ஸ் பாட்டிலில் அரியமான் மணல் கொஞ்சம் இருக்கிறது. அது தொட்டிக்கு இல்லை, தொட்டிக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்துக்கொள். மூடியை இறுக்கியிருக்கிறேன், ஆனாலும் நிமிர்த்தியே வை.

அன்புடன்,
அப்பா
உச்சிப்புளி