வெனிசில் இரண்டு யூரோ படகு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நேற்று இரவு நானும் உன் மாமாவும் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். கல்யாணமாகி நீங்கள் இருவரும் சேர்ந்து போகும் முதல் வெளிநாட்டுப் பயணம். ரோமும் ஃபிளாரன்சும் நன்றாகவே அமைந்திருக்கின்றன. வெனிசுக்கு வந்ததும்தான் மனம் உறுத்தியது. காலையில் ரயிலில் வந்து இறங்கி மாலையிலேயே கிளம்பிவிடுகிறீர்கள். அந்தச் சில மணி நேரத்துக்குள் ‘பாட்டுக்காரருடன் தனிக் கொண்டோலா, ஒயின் உபசாரம்’ என்று ஒரு வரி. அதற்கு மட்டும் 28,000 ரூபாய்.

கொண்டோலா என்பது அந்த ஊர்க் கால்வாய்களில் துடுப்புப் போட்டு ஓட்டும் நீளமான மரப்படகு. அதற்கு அந்த ஊர் நகராட்சியே கட்டணம் விதித்திருக்கிறது. பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவு ஏழு மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. இது படகுக்கான வாடகை; ஐந்து பேர் வரை ஏறலாம். பகல் சவாரி நம் பணத்தில் ஏறத்தாழ 9,000 ரூபாய்தான். மீதிப் பணம் எதற்கு என்று உன் ஏஜென்ட்டிடம் கேட்டுப் பார். பாட்டுக்கு என்பார். படகில் பாடுபவை பெரும்பாலும் நேப்பிள்ஸ் பாட்டுகள், வெனிசுக்கு உரியவை அல்ல.

நாங்கள் வெனிஸ் போனபோது நாங்களும் கொண்டோலாவில் ஏறினோம், தம்பி. பணம் போனதைவிட அந்த அரை மணி நேரம் கழிந்த விதம்தான் இன்றும் வலிக்கிறது. சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய கால்வாய்க்குள் எங்கள் படகு நுழைந்தபோது முன்னால் ஆறு படகுகள் நின்றன. அசையவே இடமில்லை. மேலே பாலத்தில் நின்றவர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள், நாங்கள் அவர்களை எடுத்தோம். படகோட்டி எங்களிடம் மொத்தம் நான்கு வார்த்தை பேசியிருப்பார். கரையேறியபோது அந்த ஊரைப் பற்றி எனக்குப் புதிதாக ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

அவரைக் குறை சொல்லவில்லை. அந்தத் தொழில் எளிதானதல்ல. கொண்டோலாவை எட்டு வகை மரங்களில், 280 துண்டுகளை இணைத்துக் கட்டுகிறார்கள். நீளம் 11 மீட்டர். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம் கூடுதல். அதனால் படகு எப்போதும் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்தே மிதக்கும். ஒருவர் ஒற்றைத் துடுப்பை ஒரே பக்கம் போட்டாலும் படகு வட்டமடிக்காமல் நேராகப் போவதன் சூட்சுமம் அந்தக் கோணலில்தான் இருக்கிறது. துடுப்பைத் தாங்கும் வளைந்த கட்டைக்கு ஃபோர்கோலா என்று பெயர். ஒரே வால்நட் மரத்துண்டில் குடைந்தெடுப்பது. அதன் ஒவ்வொரு வளைவிலும் துடுப்பை மாற்றி மாற்றி வைத்தால் முன்னே போகலாம், நிறுத்தலாம், பின்வாங்கலாம். சான் த்ரோவாசோ என்ற இடத்தில் இந்தப் படகுகளைப் பழுதுபார்க்கும் பழைய பட்டறை ஒன்று இருக்கிறது. எதிர்க்கரையில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு வேண்டாம்.

மறுநாள் காலை நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான்கு கிலோமீட்டருக்கு அருகில் நீளமுள்ள பெருங்கால்வாய்க்குக் குறுக்கே மொத்தம் நான்கே பாலங்கள். அதனால் ஊர்க்காரர்கள் அக்கரைக்குப் போக ஓடத்துறைகள் உண்டு. திரகெத்தோ என்பார்கள். அதுவும் கொண்டோலாதான், கொஞ்சம் பெரியது, அலங்காரம் இல்லாதது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்று துடுப்புப் போடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. சாந்தா சோஃபியா துறையில் ஏறினோம். தள்ளுவண்டிப் பையோடு ஒரு பாட்டி, செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்த ஒருவர், பள்ளிப் பையுடன் ஒரு பையன். எல்லோரும் நின்றபடியே வந்தார்கள். படகு ஆடியதும் நான் தடுமாறினேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், கரை வரும்வரை விடவில்லை. எனக்கு மேட்டூர் நினைவு வந்துவிட்டது. தாத்தாவோடு பரிசலில் அக்கரைக்குப் போகும்போது, நடுவில் எழுந்து நிற்கப் பார்க்கும் உன்னை முன்பின் தெரியாத யாராவது இப்படித்தான் பிடித்து வைப்பார்கள். உனக்கு அப்போது நான்கு வயது இருக்கும்.

இரண்டு நிமிடத்தில் ரியால்டோ சந்தை வந்துவிட்டது. மே மாதம். சாந்த் எராஸ்மோ தீவிலிருந்து வந்த ஆர்ட்டிசோக் என்ற ஊதா நிறக் காய்கள் தாமரை மொட்டுகளைப் போலக் குவிந்து கிடந்தன. ஒரு வியாபாரி வளைந்த கத்தியால் இதழ்களைச் சீவித் தள்ளி, அடிப்பாகத்தை மட்டும் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட்டுக்கொண்டே இருந்தார், வெள்ளை நாணயங்கள் மிதப்பது போல. அப்படியே வாங்கிப் போய்ச் சமைப்பார்களாம். சமையலறை உள்ள வாடகை வீடு எடுத்திருந்தால் நாங்களும் வாங்கியிருப்போம். நீங்கள் அப்படி எடுங்கள். மீன் சந்தை ஞாயிறும் திங்களும் கிடையாது, கிழமையைப் பார்த்து வைத்துக்கொள். பக்கத்துச் சந்துகளில் பாக்கரோ என்ற சிறு கடைகள் இருக்கின்றன. ரொட்டித் துண்டின் மேல் மீனோ காயோ வைத்துத் தருவதை நின்றபடியே சாப்பிடலாம். சான் மார்க்கோ சதுக்கத்து மேசையில் உட்கார்ந்து குடிக்கும் காப்பிக்கு இசைக்குழு வாசித்தால் தனிக் கட்டணம் சேர்ப்பார்கள். சந்துக் கடையில் நின்று குடித்தால் காப்பிக்கு மட்டும் காசு.

இரண்டு இரவாவது தங்கு. 2024 ஏப்ரல் 25 முதல் நெரிசலான நாட்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். தங்குகிறவர்களுக்கு அது இல்லை. ஊர் எதற்காக இப்படிக் கேட்கிறது என்பது ரியால்டோ பாலத்தின் அருகே ஒரு மருந்துக் கடையின் ஜன்னலில் புரியும். அங்கே ஒளிரும் எண்பலகை ஒன்று இருக்கிறது. பழைய நகரத்தில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று காட்டும். 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் இருந்த இடத்தில் இப்போது 50,000 பேர்கூட இல்லை. வீடுகளெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கான வாடகை அறைகளாகிவிட்டன. மேலே வாடகை வீடு எடு என்று எழுதியபோதே எனக்கு இது உறுத்தியது. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு ஓர் அறையை விடுகிறாரா என்று பார்த்து எடு. அப்படிப்பட்ட வீட்டிலும் சமையலறையைப் பயன்படுத்த விடுவார்கள், கேட்டுப் பார்.

அந்த 28,000 ரூபாயை மிச்சம் பிடிக்கச் சொல்லவில்லை, தம்பி. செலவழி. வெனிஸ் முறையில் நின்றபடி துடுப்புப் போட அந்த ஊர்ப் பெண்களே கற்றுத்தருகிறார்கள், ஒன்றரை மணி நேரம். கொண்டோலாவுக்கு ஆகும் பணம்தான் ஏறத்தாழ அதற்கும் ஆகும். உன் மனைவிக்கு நீச்சல் தெரியும் என்றாயே, அவளுக்கு இது நிச்சயம் பிடிக்கும். இன்னொரு நாள், நம் ஊர்ப் பேருந்து போல ஓடும் பொதுப் படகுகளுக்கு 25 யூரோவில் ஒருநாள் டிக்கெட் வாங்கு. ஒன்றாம் எண் படகு பெருங்கால்வாய் முழுவதையும் காட்டிவிடும். அதே டிக்கெட்டில் 12-ஆம் எண் படகு பிடித்து புரானோ தீவுக்குப் போய், அங்கிருந்து தோர்செல்லோ தீவுக்கு மாறு. வெனிஸ் வளர்வதற்கு முன்பே பெரிய ஊராக இருந்த தீவு அது. சேறு தூர்ந்து, மலேரியா பரவி, மக்கள் வெளியேறிவிட்டார்கள். இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வசிக்கிறார்கள். 639-இல் தொடங்கிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. உள்ளே வளைந்த சுவர் முழுக்கப் பொன் நிறம், நடுவில் நீல ஆடையில் மாதா குழந்தையை ஏந்தி, உயரமாக நிற்கிறார். அவரைச் சுற்றியுள்ள பொன் வெளியில் வேறு உருவம் எதையும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். நான் அங்கே உட்கார்ந்து அழுதேன், காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏஜென்ட்டிடம் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கச் சொல், இந்த வாரத்துக்குள் சொன்னால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். 2 யூரோ நாணயங்கள் சில கையில் வைத்துக்கொள், ஓடத்துறையில் சில்லறையாகக் கொடுப்பதுதான் வசதி. படகில் உட்கார இடம் தேடாதே, நில். அவளை உன் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
அக்கா