கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நீ சொன்ன இரண்டு விஷயங்களும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அங்கே அமெரிக்காவில் நீ பியானோ வாசிக்கிற ஹோட்டலில், பாடவும் செய்தால்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வோம் என்கிறார்கள். அப்புறம், ஒரு சின்ன கம்பெனி உன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவருவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. முதல் விஷயத்தைப் பற்றி அவ்வளவு நேரம் வருத்தப்பட்டுப் பேசினாய். ஒப்பந்தத்தை ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்கோ ஒப்பந்தத்தை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

முதலில் பாட்டு. அமெரிக்காவின் பெரிய பாடகி, பியானோ கலைஞர் நீனா சிமோனுக்கும் இதேதான் நடந்தது. யூனிஸ் வேமன் என்பது அவருடைய பிறந்த பெயர். மேடைக் கச்சேரி செய்யும் கிளாசிக்கல் பியானோ கலைஞராக வேண்டும் என்றுதான் சின்ன வயதிலிருந்து பயிற்சி எடுத்தார். பிலடெல்பியாவில் கர்ட்டிஸ் இன்ஸ்டிட்யூட் என்ற இசைக் கல்லூரி 1951-ல் அவருக்கு இடம் தரவில்லை. பிழைப்புக்காக 1954-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் வாரம் 90 டாலருக்கு வாசிக்கப் போனார். பாடினால் வேலை, இல்லையென்றால் கிளம்பு என்றார் முதலாளி. பாடினார். அவருடைய அம்மா மெதடிஸ்ட் சபையில் போதகர். மகள் சாராயக் கடையில் வாசிப்பது அவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் பெயரையே மாற்றிக்கொண்டார். நீ எங்கே, எந்த ராத்திரியில் வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் பெயரிலேயே வாசிக்கிறாய். அது எனக்குப் பெரிய நிம்மதி.

பாடியதால் அவர் கை சுருங்கிவிடவில்லை. காதல் பாட்டுக்கு நடுவே, கிளாசிக்கல் இசை மேதை பாக் பாணியில் இரண்டு மூன்று மெட்டு இழைகளைப் பின்னி வாசித்தார். அந்தக் கையும் அந்தக் குரலும் சேர்ந்துதான் நீனா சிமோன். அதனால் பாடு கண்ணு. உனக்குக் குரல் இருக்கிறது, நீதான் அதை ஒளித்து வைக்கிறாய்.

ஆனால் பியானோவை விட்டு எழுந்து வந்து பாடு என்று சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதே. ஷெர்லி ஹார்னை அப்படித்தான் செய்தார்கள். வாஷிங்டனில் பிறந்து வளர்ந்த ஜாஸ் பியானோக்காரி, பாடகி. 1960-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு பெரிய ஜாஸ் டிரம்பெட் வித்வான் மைல்ஸ் டேவிஸே அவரை நியூயார்க்குக்குக் கூப்பிட்டு, வில்லேஜ் வேன்கார்ட் என்ற ஜாஸ் கிளப்பில் தனக்கு முன்னால் மேடையேற்றினார். அப்படிப்பட்டவரை, 1963-ல் ஒரு பெரிய கம்பெனி வெறும் பாடகியாக நிறுத்தி வைத்து, பியானோவுக்கு வேறு ஆளைப் போட்டது. அவருக்கு அது பிடிக்கவே இல்லை. அவருடைய வேகம் அப்படி. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுவார் என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். பக்கத்தில் எவ்வளவு பெரிய வித்வான் உட்கார்ந்தாலும் அதை ஊகிக்க முடியாது.

அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஊருக்குத் திரும்பி, மகளை வளர்த்துக்கொண்டு, வாஷிங்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் வாசித்தார். பாஸுக்கு சார்லஸ் ஏபிள்ஸ், டிரம்ஸுக்கு ஸ்டீவ் வில்லியம்ஸ். கால் நூற்றாண்டு அதே மூன்று பேர். 1980-களின் கடைசியில் வெர்வ் கம்பெனி தேடி வந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பியானோவிலேயே உட்கார்ந்து, தன் ஆட்களோடு பதிவு செய்தார். 1990-ல் மைல்ஸ் டேவிஸ் அவருடைய ஆல்பத்துக்கு வந்து வாசித்துக் கொடுத்தார். முப்பதுக்குள் ஏதாவது ஆகிவிட வேண்டும் என்று நீ பதறும்போதெல்லாம் எனக்கு இந்த அம்மா ஞாபகம்தான் வரும்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருகிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். நீனா சிமோன் தன் முதல் ஆல்பத்தின் உரிமையை 3000 டாலருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்த ஒரு பாட்டு 1987-ல் ஒரு வாசனைத் திரவிய விளம்பரத்தில் வந்து ஐரோப்பாவில் பிய்த்துக்கொண்டு ஓடியது. பாடியதும் வாசித்ததும் அவர். ஆனால் அந்த ஆல்பம் சம்பாதித்துக் கொடுத்ததெல்லாம் வேறு யாருக்கோ. இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

உன் ஆல்பத்தில் இரண்டு சொத்து இருக்கிறது. நீ போட்ட மெட்டு ஒன்று, அதை ஸ்டூடியோவில் வாசித்துப் பதிவு செய்த மாஸ்டர் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி உரிமை. அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் ரேடியோவில் பாட்டு போட்டால் மெட்டுப் போட்டவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும், வாசித்தவருக்கும் பாடியவருக்கும் சல்லிக்காசு வராது. இது நியாயமே இல்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே உன் சொந்த மெட்டுகளின் பதிப்புரிமையை அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்காதே. மாஸ்டரைக் கேட்டால் கிரயமாகக் கொடுக்காதே, குத்தகையாகக் கொடு. இத்தனை வருஷம் என்று கெடு போட்டு, கெடு முடிந்ததும் திரும்ப உன் கைக்கு வரும்படி எழுதச் சொல்.

'வொர்க் மேட் ஃபார் ஹையர்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடு. அந்தச் சொல் பொருந்தினால், பதிவான நிமிஷத்திலிருந்தே அது அவர்கள் சொத்து, உன்னுடையதாக ஒருநாளும் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். எழுதிக் கொடுத்த உரிமையை 35 வருஷம் கழித்து, முறைப்படி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துத் திரும்பக் கேட்க அங்கே சட்டம் இடம் தருகிறது. இந்தச் சொல் உள்ளே வந்தால் அந்த வழியும் அடைபடும்.

இப்படிக் கேட்டால் கம்பெனி ஓடிவிடுமோ என்று நீ பயப்படுவாய். ஓடட்டும். கம்பெனிகள் கண்டுகொள்ளாத காலத்தில் ஜாஸ் பாடகி பெட்டி கார்ட்டர் பெட்-கார் என்று தானே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, ஊர் ஊராகப் பாடி, தன் இசைத்தட்டுகளைத் தானே வெளியிட்டார். 1980-களின் கடைசியில் வெர்வ் அவரிடம் வந்தபோது அந்தப் பழைய பதிவுகள் எல்லாம் அவர் கையில் இருந்தன. வெர்வ் அவற்றை மறுபடி வெளியிட்டது. பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸும் சொந்தமாக மேரி ரெகார்ட்ஸ் நடத்தினார். பெரிய ஜாஸ் குழுக்களை நடத்திய டியூக் எலிங்டனுக்கும் பென்னி குட்மனுக்கும் இசைக்கோர்ப்பு எழுதிக் கொடுத்தவர். நியூயார்க்கின் ஹார்லெமில் அவர் வீட்டுக்கு தெலோனியஸ் மங்க், பட் பவல் மாதிரி பியானோ மேதைகள் வந்து வாசித்துக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். அப்படிப்பட்டவரே கடைசியில் தன் பெயரில் கம்பெனி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மரியன் மெக்பார்ட்லண்ட் என்ற பியானோக்காரியும் 1969-ல் அதே வேலையைச் செய்தார். 1970-களின் கடைசியில் ரேடியோவில் பியானோ கலைஞர்களுக்கென்றே அவர் ஒரு நிகழ்ச்சி தொடங்கியபோது முதலில் அழைத்தது மேரி லூ வில்லியம்ஸைத்தான். இந்தப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் மறக்கவில்லை.

ஒப்பந்தம் என்றாலே கம்பெனிக்காரர் எழுதித் தருவது, நாம் கையெழுத்துப் போடுவது என்று நினைத்துக்கொள்கிறாய். ஹேசல் ஸ்காட் அப்படி நினைக்கவில்லை. டிரினிடாடில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த பியானோக்காரி, பாடகி. கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து உட்கார வைக்கிற அரங்கில் வாசிக்க மாட்டேன் என்று தன் ஒப்பந்தத்திலேயே ஷரத்து போட்டார். டெக்ஸாஸில் அரங்குக்குப் போய்ப் பார்த்தால் பிரித்துத்தான் உட்கார வைத்திருந்தார்கள். வாசிக்காமல் கிளம்பிவிட்டார். 1940-களில் ஒரு கறுப்பினப் பெண் அவ்வளவு கேட்க முடிந்ததென்றால் நீயும் உனக்கு வேண்டியதைக் கேட்கலாம். பியானோ சுருதி சேர்த்து வைத்திருக்க வேண்டும், பேசிய பணம் அன்றைக்கு ராத்திரியே கைக்கு வர வேண்டும், பாஸ்காரருக்கும் டிரம்ஸ்காரருக்கும் எவ்வளவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஹோட்டலில் பாடுவதற்குத் தனியாகக் கூலி கேள். இரண்டு ஆள் வேலையை ஒரு சம்பளத்துக்கு வாங்கப் பார்க்கிறார்கள்.

நான் சொல்வது நம் ஊர் வழக்கம் தெரிந்தவளின் யோசனைதான். அந்த ஊர்ச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. நியூயார்க்கில் இசைக்கலைஞர் சங்கத்தின் 802-ஆம் கிளை இருக்கிறது, அங்கே போய் விசாரி. வக்கீல் ஃபீஸுக்குப் பணம் நான் அனுப்புகிறேன், அதைப் பற்றி யோசிக்காதே. உடனே பதில் வேண்டும் என்று கம்பெனி அவசரப்படுத்தினால், வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வரி எழுதிப் போடு.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு. பின்னால் சேர்த்திருக்கிற அட்டவணைகளையும் விடாதே. பெரும்பாலும் அங்கேதான் எதையாவது நுழைத்து வைப்பார்கள். அப்பா உனக்காக ஒரு பெரிய இங்கிலீஷ் டிக்‌ஷனரியை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருக்கிறார். ஹோட்டலில் முதலில் எந்தப் பாட்டைப் பாடப் போகிறாய் என்று அவர் கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா