பஹிஜா ஹாஃபிஸ் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல்: விழாக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரைப்பட விழாக் குழுவினருக்கு,

வணக்கம். அரபுத் திரைப்படங்களுக்கென நீங்கள் வெளியிட்ட விழா மலரின் பதினான்காம் பக்கம் குறித்து உங்களுக்கு இருமுறை எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்ற ஒரே வரி இருமுறையும் வந்தது. ஆகவே இதைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

அப்பக்கத்தில் பாலைவனப் பெண்ணின் முக்காட்டோடு ஒரு முகம். அதன் கீழே 'எகிப்திய நடிகை பஹிஜா ஹாஃபிஸ்' என்ற குறிப்பு. அந்த நிழற்படம் 1937இல் வந்த 'பாலைவனத்தின் மகள் லைலா' படத்தினுடையது. அந்தப் படத்தைத் தயாரித்து இயக்கியவரும் அவரேதான். 'இயக்குநர்' என்ற சொல்லை அவர் பெயருக்குப் பக்கத்தில் சேருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அவர் வரலாறு நீங்கள் அறியாததல்ல. மேட்டுக்குடியில் பிறந்தவர், 1930இல் இயக்குநர் முகம்மது கரீமின் 'ஜைனப்' மௌனப் படத்தில் நடித்ததற்காகக் குடும்பத்தாரின் கோபத்துக்கு ஆளானார், பிறகு 'ஃபனார் ஃபிலிம்' நிறுவனத்தைத் தொடங்கினார் என்பதையெல்லாம் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த 'லைலா' படத்துக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாரசீக, அதாவது ஈரானிய, மன்னன் சிறைபிடித்த அரபுப் பெண் அவனுக்குப் பணிய மறுப்பதே கதை. எகிப்திய அரசர் ஃபாரூக்கின் தங்கை ஃபவ்சியாவை ஈரானிய இளவரசர் 1939இல் மணந்தார். அந்தச் சம்பந்தி வீட்டார் மனம் கோணக்கூடாதென்று படத்துக்குத் தடை வந்தது. போட்ட பணமும் பட்ட பாடும் பெட்டிக்குள் முடங்கின. 1944இல், 'பதூயின் பெண் லைலா' என்று பெயரையே மாற்றிக்கொண்ட பிறகுதான் அது மீண்டும் திரையைக் கண்டது. நடிக்க மட்டும் வந்தவராயிருந்தால் ஊதியத்தை வாங்கிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பார். ஓர் அரண்மனைக் கல்யாணத்துக்கு மொய் எழுதுவதுபோலத் தன் படத்தையே எழுதிவைக்க நேர்ந்தது, அது அவருடைய படமாக இருந்ததால்தான்.

அதே மலரில் ஒரேயொரு படம் எடுத்த ஆண்களுக்கு 'இயக்குநர், கதாசிரியர், சிந்தனையாளர்' என்று மும்மூன்று பட்டங்கள். அங்கே தாராளமாகச் செலவானதில் அச்சு மை தீர்ந்துவிட்டது போலும். 1927லேயே படத் தயாரிப்பில் இறங்கி, 1933இல் இயக்கவும் செய்த எகிப்தின் அஸீஸா அமீரும் உங்களுக்கு 'அழகு நடிகை'தான். 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கிய டி. பி. ராஜலட்சுமியை இன்னும் 'காளிதாஸ்' கதாநாயகி என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கும் நமக்கு இதெல்லாம் உறுத்தாமல் போனதில் வியப்பில்லை.

கோபத்தில் சொற்கள் சற்று நீண்டுவிட்டன, பொறுத்தருளுங்கள். நான் கேட்பது மறுபதிப்பல்ல. விற்காமல் மீந்திருக்கும் பிரதிகளின் பதினான்காம் பக்கத்தில் 'இயக்குநர்' என்று அச்சிட்ட ஒரு சிறு சீட்டை ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு ஆள் இல்லையென்றால், பசையோடு நானே வருகிறேன்.

பணிவன்புடன்,
உங்கள் விழாவுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிய ஒரு பார்வையாளர்